கோடையில் கேமல்பேக் முகடு: புதிதாக ஏறுவோருக்கு

கேமல்பேக் மலையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 825 மீட்டர். அடிவாரத்திலிருந்து பார்த்தால் ஏற வேண்டியது 400 மீட்டர்கூட இல்லை. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகருக்கு நடுவே, மாளிகைகளும் கோல்ஃப் மைதானங்களும் சூழக் கிடக்கிறது. காரை நிறுத்திவிட்டுச் சற்று நடந்தால் பாதை தொடங்கிவிடும். இவ்வளவு எளிதாகக் கைக்கெட்டுவதுதான் இந்த மலையின் பொல்லாத்தனம். தொலைவில் இருக்கும் மலைக்கு ஆயத்தமாகப் போகிறவர்கள், இதற்கு அரை லிட்டர் பாட்டிலோடு வந்து நிற்கிறார்கள். கோடைதோறும் தீயணைப்புத் துறையினர் இங்கே ஏறி ஆட்களை இறக்குவதும், முடியாதபோது ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்வதும் நடந்துகொண்டேயிருக்கின்றன.

ஃபீனிக்ஸை ஒட்டிய ஊர்களான சாண்ட்லருக்கு வேலைக்காகவும் டெம்பிக்குப் படிப்புக்காகவும் வந்து சேரும் நம்மவர்களிடம் இன்னொரு துணிச்சலும் உண்டு. "வேலூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா?" என்பார்கள். அந்த அனுபவம் இங்கே பாதிதான் செல்லும். நம் ஊரில் வியர்வை சட்டையை நனைக்கும், நெற்றியில் வழியும். உடல் நீரை இழக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஃபீனிக்ஸின் வறண்ட காற்றிலோ தோலுக்கு வந்த வியர்வை வந்த வேகத்திலேயே ஆவியாகிவிடும். சட்டை உலர்ந்தே இருக்கும், உதட்டில் உப்பு மட்டும் கரிக்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் போயிருந்தாலும் போனது தெரியாது.

இன்னொன்று: ஏசி வீடு, ஏசி கார், ஏசி அலுவலகம் என்று இருப்பவரின் உடல் வெயிலுக்குப் பழகிய உடல் அல்ல, அவர் எந்த ஊரில் பிறந்திருந்தாலும்.

கோடையில் இந்த மலையை ஏற முடியுமா என்றால், முடியும். கால் வலுவைவிடக் கடிகாரத்தை நம்பி ஏற வேண்டும், அவ்வளவுதான். கீழே சொல்பவை எல்லாம் அந்தக் கடிகாரத்தைச் சுற்றியே வரும்.

எந்த வழி

உச்சிக்கு இரண்டு பாதைகள். மேற்குப் பக்கத்திலிருந்து எக்கோ கேன்யன் பாதை, கிழக்குப் பக்கத்திலிருந்து சோய்யா பாதை. எக்கோ கேன்யன் ஒரு வழிக்கு ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். குறுகியது, செங்குத்தானது, சில இடங்களில் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். சோய்யா ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர். முதல் பகுதி வளைந்து வளைந்து நிதானமாக ஏறும், பிறகு மலையின் முதுகெலும்பின் மேலேயே பாறை பாறையாகத் தாவிப் போக வேண்டும். முகட்டில் நடக்கும் அனுபவம் வேண்டுமென்றால் சோய்யாதான். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

ஆனால் கோடைக்கென்று ஒரு கணக்கு உண்டு. மேற்குப் பாதையில் காலை நிழல் சற்று நேரம் தங்கும். கிழக்கு முகட்டில் சூரியன் எழுந்த நிமிடத்திலிருந்தே வெயில். ஏறும்போது முதுகைச் சுடும், இறங்கும்போது முகத்தில் அறையும். செங்குத்து பயமில்லை, நிழல்தான் முக்கியம் என்பவர் எக்கோ கேன்யனைத் தேர்ந்தெடுக்கலாம். உயரத்தில் தலை சுற்றுபவருக்கு இரண்டுமே உகந்தவை அல்ல. நாய்க்கு இரண்டிலும் அனுமதி கிடையாது.

இரண்டு வாரம் முன்பே

வெயிலுக்கு உடல் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகிய உடல் சீக்கிரம் வியர்க்கத் தொடங்கும், நிறைய வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பைக் குறைவாக இழக்கும், இதயமும் அவ்வளவு அடித்துக்கொள்ளாது. இதற்குக் குறுக்குவழி ஏதுமில்லை. நாள்தோறும் காலையில் வெளியே நடங்கள். முதல் நாள் அரை மணி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். டெம்பியில் இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள "ஏ" எழுத்துக் குன்று நல்ல பயிற்சி. சிறியது, ஏறி இறங்க அதிக நேரம் ஆகாது, உடம்பு எப்படி இருக்கிறது என்பதை உள்ளபடி சொல்லிவிடும். அங்கேயே நெஞ்சு படபடத்தால் கேமல்பேக்கைக் கார்த்திகைக்குத் தள்ளிவையுங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர்கள், ஒவ்வாமைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இவற்றில் சில, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழிகளையே தடுக்கும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து தேறிய வாரத்தில் ஏற வேண்டாம். முந்தைய இரவு மது அருந்தியவரும் வேண்டாம்.

முந்தைய நாள்

தேசிய வானிலை சேவையின் முன்னறிவிப்பைப் பாருங்கள். எல்லாரும் பார்ப்பது பகலின் உச்ச வெப்பத்தை. நீங்கள் பார்க்க வேண்டியது இரவின் குறைந்த வெப்பத்தை, ஏனென்றால் நீங்கள் ஏறப்போவது அந்த நேரத்தை ஒட்டித்தான். ஜூலையில் ஃபீனிக்ஸின் சராசரி உச்சம் சுமார் 41 டிகிரி செல்சியஸ், இரவின் குறைந்த அளவு சுமார் 29. இரவே 32 டிகிரிக்குக் கீழே இறங்காது என்றால் (இங்கே சொல்லும் கணக்கில் 90 ஃபாரன்ஹீட்) புதியவர் அன்று போகக் கூடாது என்பது என் கருத்து. அப்படிப்பட்ட இரவுகள் அபூர்வம் என்று எண்ண வேண்டாம். 2023 ஜூலையில் தொடர்ந்து 16 நாட்கள் அப்படிக் கழிந்தன. அந்தக் கோடையில்தான் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது.

தீவிர வெப்ப எச்சரிக்கை விடுக்கப்பட்டால் நகராட்சி இந்த இரண்டு பாதைகளையும் காலையிலிருந்து மாலை 5 மணி வரை மூடிவிடும். 2021இல் மீட்புப் பணிக்குப் போன தீயணைப்பு வீரர்களே வெப்பத்தால் சுருண்டதை அடுத்து வந்த ஏற்பாடு இது. மூடும் நேரம் பிறகு முன்னுக்கு இழுக்கப்பட்டிருக்கிறது. அதனால் பூங்காத் துறையின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய பாதையில் வேலியைச் சுற்றிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பின்தொடர வேண்டாம்.

மாலை 5 மணிக்குப் பாதை திறக்கிறதே, அப்போது போகலாமா? புதியவர்கள் பலர் விழும் குழி இது. நாள் முழுக்கக் காய்ந்த பாறை மாலையில் வெப்பத்தைத் திருப்பி உமிழும். கை வைக்கவே சுடும். போதாக்குறைக்கு, மலை சூரியன் மறைந்ததும் மூடப்படும். இருட்டில் முகட்டில் இறங்குவது தனி ஆபத்து. கோடையில் பாறை ஆறியிருப்பது விடியலில் மட்டும்தான்.

பையில் என்ன

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். இவ்வளவு சிறிய மலைக்கு இவ்வளவா என்று கேட்பார்கள். தூக்கிக்கொண்டு போங்கள். பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒரு பாட்டிலை முக்கால்வாசி நிரப்பி இரவே ஃப்ரீசரில் வைத்துவிட்டால், இறங்கும் நேரத்தில் குளிர்ந்த நீர் கிடைக்கும். முதுகுப்பையிலிருந்து குழாய் வழியாக உறிஞ்சுகிறவர்கள், குடித்து முடித்ததும் குழாயில் உள்ள நீரை ஊதிப் பைக்குள்ளேயே தள்ளிவிடுங்கள். குழாயில் நிற்கும் நீர் சில நிமிடங்களில் வெந்நீராகிவிடும்.

வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். வெப்பத் தாக்குதல் என்று தவறாக எண்ணி இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டர் அளவில் சிறுகச் சிறுகக் குடியுங்கள். ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். கூடவே உப்பு வேண்டும். மருந்துக் கடை ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்று, உப்புக் கடலை ஒரு பிடி, முடிந்தால் காய்ந்த நார்த்தங்காய்த் துண்டு. மலையேற்றப் பொருள் விற்கும் கடைகளில் விலை உயர்ந்த ஜெல் பொட்டலங்கள் விற்கிறார்கள். இரண்டரை மணி நேர ஏற்றத்துக்கு நார்த்தங்காய் அவற்றுக்குச் சளைத்தது அல்ல. மோரை வீட்டிலேயே குடித்துவிட்டு வாருங்கள், பையில் வைத்தால் புளித்துப்போகும்.

வெளிர் நிறத்தில் தொளதொளவென்ற முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் அகல விளிம்புத் தொப்பி, நல்ல பிடிமானம் உள்ள ஷூ. செருப்பும், அடித்தடம் தேய்ந்த பழைய ஓட்ட ஷூவும் உதவா. முகட்டுப் பாறை பழங்காலக் கிரானைட். அது உதிர்ந்து சரளையாகப் பாறைச் சரிவுகளின் மேல் பரவிக் கிடக்கும். ஏறும்போது உறுத்தாது, இறங்கும்போது காலை வாரிவிடும்.

இத்தோடு ஓர் ஈரிழைத் துண்டு. கடைக்காரர்கள் விற்கும் "குளிர்ச்சித் துண்டு" செய்யும் வேலையை இது செய்யும். நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால், வறண்ட காற்றில் நீர் வேகமாக ஆவியாகும்போது உடல் நன்றாகவே குளிரும். சென்னையின் ஈரக்காற்றில் இது இவ்வளவு பலன் தராது.

கடைசியாக ஒரு பழைய சீப்பும் சாமணமும். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

காலையில்

ஜூன் நடுவில் சூரியன் உதிப்பது 5:20 வாக்கில். ஜூலை இறுதியில் 5:35 வாக்கில். மலை திறப்பதும் சூரிய உதயத்தில்தான். அப்போது நீங்கள் பாதையின் தொடக்கத்தில் நிற்க வேண்டும், வீட்டில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சோய்யா பாதைக்கு இன்வர்கார்டன் சாலையோரம் காரை நிறுத்தலாம். இடம் குறைவு, அக்கம்பக்கம் குடியிருப்புகள். அறிவிப்புப் பலகை அனுமதிக்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். வாடகைக் காரில் வந்து இறங்குவது நிம்மதி.

தனியாகப் போக வேண்டாம். எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கிளம்பும் முன் அரை லிட்டர் குடித்துவிடுங்கள்.

இப்போது திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். மலையில் வைத்து முடிவு செய்யக் கூடாது, அங்கே ஆசைதான் பேசும். விடியலில் தொடங்கினால் 6:45க்குத் திரும்ப வேண்டும், உச்சி பத்து நிமிடத் தொலைவில் இருந்தாலும் சரி. 8 மணிக்குள் கீழே இருக்க வேண்டும். தண்ணீரில் பாதி தீர்ந்தால் திரும்பு என்பது எங்கும் சொல்லப்படும் விதி. கோடையில் அது போதாது. மற்ற காலங்களில் இறக்கம் என்பது பாதி உழைப்பு. இங்கே இறக்கம் ஏற்றத்தைவிட வெப்பமான நேரத்தில் நடக்கிறது. கீழே போகப் போகக் காற்று இன்னும் சூடாகும். அதனால் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்புங்கள். நேரமோ தண்ணீரோ, எது முந்துகிறதோ அதுவே கணக்கு.

பாதையில்

முதல் பகுதி அகலமானது, சுலபமானது. இங்கேதான் எல்லாரும் வேகமாக நடந்து கெடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேசும் அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும். அது தடுமாறினால் வேகம் அதிகம். உங்களைத் தாண்டி ஓடிப்போகிறவர்கள் பலர் உள்ளூர்க்காரர்கள், ஆண்டு முழுக்க ஏறுகிறவர்கள். அவர்களுக்கு வழிவிடுங்கள், போட்டி போட வேண்டாம்.

பாதையோரம் பஞ்சுபோல் வெளிறி நிற்கும் சப்பாத்திக்கள்ளி வகைதான் சோய்யா. இதன் பேரில்தான் பாதைக்கே பெயர். லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று வந்து உடம்பில் ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருப்பதால் கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் தைக்கும். சீப்பு இதற்குத்தான். கணுவுக்கும் தோலுக்கும் நடுவே சீப்பைச் செருகி வெடுக்கென்று எதிர்த்திசையில் தட்டிவிடுங்கள். எதிரே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்ச முட்களுக்குச் சாமணம்.

வளைவுகள் முடிந்து மலையின் தோள் போன்ற இடைவெளியை அடைந்ததும் நில்லுங்கள். இரண்டு பக்கமும் நகரம் தெரியும். பலருக்கு இதுவே போதுமான பயணம். இங்கிருந்து திரும்பினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. இனி முகடு. கைகளும் வேண்டும். அதனால் தண்ணீர் பாட்டில் பையில், போன் பையில். போன் வெயிலில் சூடேறித் தானாக அணைந்துவிடும். படம் எடுப்பதற்கென்று கையில் பிடித்துக்கொண்டே போனால், அவசர உதவிக்கு 911ஐ அழைக்க வேண்டிய நேரத்தில் அது உயிரோடு இருக்காது.

முகட்டில் வழி தவறுவது எளிது. எல்லாப் பாறையும் ஒன்றுபோல் இருக்கும், பலர் மிதித்த பொய்வழிகள் பிரிந்து போகும். பாறைகளில் தென்படும் நீலப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே போங்கள். புள்ளி கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த புள்ளிக்கே திரும்பி வாருங்கள். பக்கவாட்டில் குறுக்கே இறங்கிச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தவர்கள்தான் செங்குத்துப் பாறையில் மாட்டிக்கொள்கிறார்கள். வழியில் எண் எழுதிய குறியீடுகளைக் கண்டால் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உதவிக்கு அழைக்கும்போது அந்த எண்ணைச் சொன்னால் தேடும் நேரம் மிஞ்சும்.

கை வைக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வையுங்கள். கோடை விடியலில் கிலுகிலுப்பைப் பாம்பு நடமாட்டம் உண்டு. வெயில் ஏறினால் பாறையிடுக்கில் ஒதுங்கும். தேனீக் கூட்டம் கலைந்தால் கையை வீசி விரட்ட நினைக்காமல் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடுங்கள். முகட்டில் ஓட்டம் முடியாது என்பதால், கூட்டின் இரைச்சல் கேட்டாலே திரும்பிவிடுவது மேல்.

உடல் சொல்வது

தலை லேசாக வலிக்கிறது, குமட்டுகிறது, கால் தசை இழுக்கிறது, தோலில் மயிர்க்கூச்சம். இவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். ஏறுவதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பாறை நிழலில் உட்காருங்கள், உப்புக் கலந்த நீர் குடியுங்கள், துண்டை நனைத்துத் தலையிலும் கழுத்திலும் போடுங்கள். தேறிய பிறகு கீழ்நோக்கி மட்டும் நடங்கள்.

பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறது, தள்ளாடுகிறார், காரணமில்லாமல் எரிந்து விழுகிறார் என்றால் அது வெப்பத் தாக்குதல். உயிர் போகும் நிலை. வியர்வை நின்று தோல் உலர்ந்தால்தான் வெப்பத் தாக்குதல் என்று பலர் படித்திருப்பார்கள். உழைப்பால் வரும் தாக்குதலில் வியர்வை ஓடிக்கொண்டேயிருக்கலாம். அதனால் தோலைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம், அறிவு தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்று என்ன கிழமை, கார் எங்கே நிற்கிறது என்று கேட்டாலே தெரிந்துவிடும். 911ஐ அழையுங்கள். கையில் உள்ள தண்ணீரையெல்லாம் அவர் மேல் ஊற்றி விசிறுங்கள். நினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. தனியே விட்டுவிட்டு ஆள் தேடிப் போகாதீர்கள்.

கூட வருபவர்களில் ஒருவர் "நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் மேலே போய்விட்டு வாருங்கள்" என்பார். நம்மவர் நண்பர்கூட்டத்தில் இது அடிக்கடி நடக்கும், மற்றவர்களின் பயணத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வராது. அவரை வெயிலில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒருவர் திரும்பினால் குறைந்தது இன்னொருவர் அவரோடு கீழே வரை வர வேண்டும்.

இறக்கம்

உச்சியில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தென்மேற்கே நகர மையத்தின் கட்டடங்கள், கிழக்கே சூப்பர்ஸ்டிஷன் மலைகள். பார்த்து முடித்ததும் கிளம்புங்கள். செங்குத்தான இடங்களில் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, மூன்று உறுப்புகள் பாறையில் ஊன்றியிருக்க நான்காவதை மட்டும் நகர்த்துங்கள். உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு இறங்கினால் கால்சட்டை கிழியும், வேகமும் கட்டுக்குள் இராது. இறங்கும்போதுதான் களைப்பு காட்டும், சூரியனும் முகத்துக்கு நேரே இருக்கும். கண்ணைக் கூசும் வெளிச்சத்தில் நீலப் புள்ளி தெரியாமல் போகும், தொப்பியின் விளிம்பை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள். கால் மணிக்கு ஒருமுறை நின்று இரண்டு மடக்குக் குடியுங்கள், தாகம் எடுக்காவிட்டாலும்.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை பருவமழைக் காலம். மழை மேகங்கள் பெரும்பாலும் பிற்பகலில் திரளும், சில நாட்களில் புழுதிச்சுவர் எழுந்து நகரையே மறைக்கும். விடியலில் ஏறி 8 மணிக்கு இறங்குகிறவருக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் அந்த வாரங்களில் காற்றில் ஈரம் கூடும், இரவும் தணியாது. அப்போது ஈரத்துண்டின் பலனும் குறையும்.

இறங்கிய பிறகு

காரின் ஏசிக்குள் போனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றும். அடுத்த சில மணி நேரம் தண்ணீரும் உப்பும் தொடர்ந்து உள்ளே போகட்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளுக்கு வரும் வரை போதவில்லை என்று அர்த்தம். தேநீர் நிறத்தில் போனாலோ, தொடைத் தசைகள் தாங்க முடியாமல் வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக அது இருக்கலாம்.

ஒருமுறை நல்லபடியாக முடித்தவர்கள் அடுத்த வாரமே சூப்பர்ஸ்டிஷன் மலையின் ஃபிளாட்அயர்ன் முனைக்குத் திட்டம் போடுவார்கள். அது இதைவிடக் கடினம், நகரத்துக்கு வெளியே, ஏற்றமோ இரண்டு மடங்குக்கு மேல். நவம்பர் வரை பொறுத்திருங்கள். அதுவரை மலை ஏறாமல் இருக்க முடியாது என்பவர்களுக்கு வடக்கே இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் இருக்கிறது. ஊரே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பைன் மர நிழலில். ஃபீனிக்ஸில் 43 டிகிரி அடிக்கும் நாளில் அங்கே 30ஐ ஒட்டித்தான் இருக்கும். பக்கத்து ஹம்ஃப்ரீஸ் சிகரம் 3,851 மீட்டர், மாநிலத்திலேயே உயரமானது. அங்கே வெப்பம் பிரச்சினை இல்லை. பருவமழைக் காலத்தில் மதியத்துக்கு மேல் மின்னல் விழும். அதனால் அங்கும் விடியலிலேயே கிளம்பி, நண்பகலுக்குள் மரங்களின் எல்லைக்குக் கீழே வந்துவிடுங்கள்.